குட்மேன், கீப்ரைட், லெனக்ஸ்: மூன்றுக்கும் "10 வருட வாரண்டி"யாம், எதை எடுப்பது?

மல்வேன்வாசி

வணக்கம். டொரோன்டோவில், ஸ்காபரோ மல்வேன் பக்கம் இருக்கிறோம். 90களில் கட்டிய வீடு. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் வீட்டோடு வந்த பழையது. இன்னொரு குளிர்காலத்துக்கு இதை நம்ப வேண்டாம் என்று சேர்விஸுக்கு வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். ஏசிக்கும் வயதாகிவிட்டது. இரண்டையும் சேர்த்து மாற்றலாம் என்று மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் குட்மேன், ஒருவர் கீப்ரைட், ஒருவர் லெனக்ஸ். மூன்றும் 96 சதவீதத் திறன், மூன்றும் 80,000 பிடியூ (மணிக்கு எரிக்கும் வெப்ப அளவு). மூன்று பேரும் "10 வருட வாரண்டி" என்றார்கள். ஆனால் குட்மேனுக்கும் லெனக்ஸுக்கும் இடையில் கிட்டத்தட்ட நாலாயிரம் டொலர் வித்தியாசம்.

வாரண்டி ஒன்றுதான் என்றால் அந்த நாலாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது? மேலே அப்பா, அம்மா. கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு ஒரு குடும்பம். ஜனவரியில் ஃபர்னஸ் நின்றால் எல்லாருக்கும் பாடுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்களும் அண்மையில் மாற்றியவர்களும் சொல்லுங்கள்.

காஸ்_டெக்

தம்பி, நான் ஜீ2 என்ற கேஸ் வேலை லைசென்ஸோடு இந்த வேலை செய்பவன். நீங்கள் சொன்ன மூன்று பிராண்டும் போட்டிருக்கிறேன், திருத்தியும் இருக்கிறேன்.

முதலில் யார் எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளுங்கள். குட்மேன் 1997இல் அமானா என்ற பிராண்டை வாங்கியது. 2012இல் ஜப்பானின் டைகின் வந்து குட்மேனையே வாங்கிவிட்டது. இப்போது மூன்று பெயரும் ஒரே கூரையின் கீழ். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் வாலர் என்ற ஊரில் அவர்களுக்குப் பிரமாண்டமான தொழிற்சாலை இருக்கிறது. கீப்ரைட் ஒரு காலத்தில் நம்முடைய பிரான்ட்ஃபோர்டில் இருந்த கனேடியப் பெயர். அது, டெம்ப்ஸ்டார், ஹீல், கம்ஃபர்ட்மேக்கர் எல்லாம் ஐசிபி என்ற நிறுவனத்தின் பெயர்கள். அந்த ஐசிபியை 1999இல் கேரியர் வாங்கியது. கேரியரிடம் பிரையன்ட், பெய்னும் இருக்கின்றன. லெனக்ஸின் கீழ் ஆம்ஸ்ட்ராங் ஏர், டுகேன் போன்றவை. டிரேனும் அமெரிக்கன் ஸ்டாண்டர்டும் ஒரே வீடு. ரீமும் ரூடும் அப்படித்தான். ஒன்ராறியோவின் பாரி நகரில் இருக்கும் நெப்போலியன் தனி ஆள்.

ஒரே முதலாளி என்பதால் எல்லாம் ஒரே பெட்டி என்று நினைக்க வேண்டாம். கேரியரின் உயர்ந்த இன்ஃபினிட்டி வரிசையும் சாதாரண கீப்ரைட்டும் ஒன்றல்ல. ஆனால் ஒரே தரத்து மாடல்களைத் திறந்து பார்த்தால் உள்ளே பொதுவான பாகங்கள் நிறைய. கேஸ் வால்வு, இக்னைட்டர், பிரஷர் சுவிட்ச் எல்லாம் பெரும்பாலும் வெளியே சில கம்பனிகளே செய்து எல்லாருக்கும் விற்பவை. அதனால் "குட்மேன் மலிவு, உடைந்து போகும்" என்று யாராவது சொன்னால் என்ன மாடல், யார் பொருத்தியது என்று கேளுங்கள்.

இனி வாரண்டி. "10 வருடம்" என்று அவர்கள் சொல்வது பாகங்களுக்கு மட்டும். கூலிக்கு இல்லை. ஏசியின் "காயில்" (குளிர்விக்கும் சுருள் குழாய்) ஏழாம் வருடம் ஒழுகினால் காயில் இலவசம். அதைக் கழற்றி மாற்றும் கூலி, வாக்யூம் போடுவது, புது ரெஃப்ரிஜரன்ட் (குளிரூட்டும் கேஸ்), பாகத்தை எடுத்து வரும் செலவு எல்லாம் உங்கள் தலையில். அது ஆயிரம் டொலரைத் தாண்டுவது சாதாரணம். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் நிறையப் பேர் வாரண்டி இருக்கிறது என்று நம்பி, பில்லைப் பார்த்துக் கொதிக்கிறார்கள்.

பிக்கரிங்_பெரியவர்

காஸ்_டெக் தம்பி சொல்வதில் ஒரு பக்கம் சரி. நான் மறு பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் லெனக்ஸ் போட்டு இருபது வருடம் நெருங்குகிறது. இக்னைட்டர் மாற்றியதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சத்தமும் குறைவு. நல்ல பொருளுக்கு நல்ல விலை கொடுக்கத்தான் வேண்டும். வயதான அப்பா, அம்மா இருக்கும் வீட்டில் நாலாயிரத்தைப் பார்க்காதீர்கள்.

காஸ்_டெக்

ஐயா, உங்கள் ஃபர்னஸ் நன்றாக இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. யாரோ ஒழுங்காகப் பொருத்தியிருக்கிறார்கள், நீங்களும் ஃபில்டரைக் கவனித்திருக்கிறீர்கள். சத்தம் பற்றிச் சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். விலை கூடிய மாடல்களில் தேவைக்கேற்பச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டிங் பர்னரும் வேகம் மாறும் மோட்டாரும் வரும். வீடு ஒரே சீரான சூட்டில் இருக்கும். நாலாயிரத்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது, அது உண்மையான வித்தியாசம்.

ஆனால் மல்வேன்வாசிக்கு வந்த லெனக்ஸ் விலை அந்த உயர் வரிசைக்கா, அல்லது ஒரே அளவில் மட்டும் எரியும் சாதாரண ஒற்றை நிலை மாடலுக்கா என்று பார்க்க வேண்டும். சாதாரண மாடலுக்கு உயர் வரிசை விலை கேட்பவர்களும் உண்டு. தம்பி, மூன்று விலைப் பத்திரத்திலும் முழு மாடல் எண் இருக்கிறதா? "லெனக்ஸ் 96%" என்று மட்டும் எழுதியிருந்தால் அது விலைப் பத்திரமே இல்லை.

இன்னொன்று. உயர் வரிசைகளில் தெர்மோஸ்டாட்டும் ஃபர்னஸும் ஏசியும் தங்களுக்குள் மட்டும் பேசும் தனி முறை இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு ஒரு போர்ட் போனால் அந்த பிராண்டின் போர்ட்டே வேண்டும், விலையும் கடுமை. லெனக்ஸ் தன் பொருளை நேரே டீலர்களுக்கு விற்கிறது. குட்மேன் பாகங்கள் பல மொத்தக் கடைகளில் கிடைக்கும். சனிக்கிழமை இரவு மைனஸ் 20இல் ஃபர்னஸ் நின்றால் பாகம் எங்கே கிடைக்கும் என்பதும் ஒரு வாரண்டிதான்.

மிசிசாகா_தஞ்சாவூரான்

வாரண்டி புத்தகத்தை வரிவரியாகப் படித்தவன் என்ற முறையில் சில விஷயம் சேர்க்கிறேன்.

அந்த 10 வருடம் தானாக வராது. ஃபர்னஸ் பொருத்திய பிறகு சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்மேன், லெனக்ஸ் இரண்டுக்கும் 60 நாள் கெடு. கேரியர் குடும்பத்துக்கு 90 நாள். பதியாவிட்டால் பெரும்பாலும் 5 வருடமாகக் குறைந்துவிடும். "நாங்களே பதிந்து விடுவோம்" என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். நல்லவர்கள் பதிவார்கள். ஆனாலும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் உங்கள் முகவரிக்கு வர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.

நாங்கள் வாங்கிய வீட்டில் நடந்தது இது. ஏழு வயதான ஃபர்னஸ், முன்னாள் உரிமையாளர் "10 வருட வாரண்டி இருக்கு" என்று விற்பனை விளம்பரத்திலேயே போட்டிருந்தார். கண்ட்ரோல் போர்டு போனபோது சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தால் யாரும் பதியவே இல்லை. 5 வருடம் முடிந்துவிட்டது. முழுக் காசும் நாங்கள்தான் கொடுத்தோம். பதிந்திருந்தாலும் கூட, பல பிராண்டுகளில் வீடு கைமாறினால் வாரண்டி குறையும், அல்லது குறிப்பிட்ட நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு (எரியும் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதி) "வாழ்நாள் வாரண்டி" என்று போட்டிருப்பார்களே, அது பதிவு செய்த முதல் உரிமையாளர் அந்த வீட்டில் இருக்கும் வரைக்கும்தான்.

பழைய வீடு வாங்குபவர்களுக்கு ஒரு உதவி: குட்மேன், அமானா சீரியல் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம். 1809 என்று தொடங்கினால் 2018 செப்டம்பரில் செய்தது. கேரியர், பிரையன்ட் சீரியல் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். பொருத்திய நாளுக்கு ரசீது இல்லையென்றால் கம்பெனி தயாரித்த தேதியை வைத்துத்தான் கணக்குப் பார்க்கும். அதனால் ரசீதை ஃபர்னஸ் கதவின் உள்பக்கமே ஒரு கவரில் ஒட்டி வையுங்கள்.

மொன்றியல்_வாசகி

மிசிசாகா அண்ணா சொன்ன பதிவு விஷயத்தில் கியூபெக்கில் நிலைமை வேறு. இங்கே பதியவில்லை என்பதற்காக வாரண்டியைக் குறைக்க முடியாது. வாரண்டிப் பத்திரங்களிலேயே கலிஃபோர்னியா, கியூபெக் விதிவிலக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அது போக, ஒரு பொருள் அதன் விலைக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ற நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்று எங்கள் நுகர்வோர் சட்டமே சொல்கிறது. கம்பனியின் காகிதம் முடிந்த பிறகும் அந்த உரிமை இருக்கிறது.

ஒன்ராறியோ ஆட்கள் கெட்டியாகப் பதிந்துகொள்ளுங்கள், பதிவு விஷயத்தில் உங்களுக்கு அந்த விதிவிலக்கு இல்லை.

ஏஜாக்ஸ்_அக்கா

தம்பி, ஒன்றைக் கேட்க வேண்டும். மூன்று பேரில் யாராவது "வாங்க வேண்டாம், மாத வாடகைக்கு எடுங்கள், வாழ்நாள் முழுக்க சேர்விஸ் இலவசம்" என்று சொன்னார்களா?

சொன்னால் கையெழுத்து வைக்காதீர்கள், ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுதலாக வாசியுங்கள். கூலியும் பாகமும் சேர்ந்தது என்பது கேட்க நல்லதாக இருக்கும். வாடகை வருடா வருடம் ஏறுமா, இடையில் முடித்துக்கொள்ள என்ன விலை, வீடு விற்கும்போது வாங்குபவர் ஏற்க மறுத்தால் என்ன செய்வது என்று மூன்றையும் பாருங்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டை விற்கப் போனபோது, அவர் கேள்விப்படாத ஒரு கம்பனி அவர் வீட்டுப் பத்திரத்தின் மேல் உரிமைக் குறிப்பு போட்டு வைத்திருந்தது தெரிய வந்தது. கதவு தட்டி வந்தவனிடம் ஃபர்னஸ் வாடகைக்கு எடுத்ததன் விளைவு. வழக்கறிஞர் செலவு, பேரம், கண்ணீர் என்று பெரிய பாடாகிவிட்டது.

2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் கதவு தட்டி வந்து ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் ஹீட்டர் விற்க முடியாது. நாம் கூப்பிட்டால்தான் வரலாம். அந்த உரிமைக் குறிப்புகளையும் 2024 ஜூன் 6 முதல் சட்டம் செல்லாததாக்கிவிட்டது. ஆனால் குறிப்பு போனாலும் ஒப்பந்தம் தானாகப் போகாது, இதை எல்லாருக்கும் சொல்லுங்கள். நம் ஆட்களில் வயதானவர்கள் தமிழ் கதைத்துக்கொண்டு வருபவரை உடனே நம்பிவிடுவார்கள். அப்பா, அம்மா பகலில் தனியாக இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்றால் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

மல்வேன்வாசி

அக்கா, ஒருவர் வாடகைக் கதை சொன்னார்தான். லெனக்ஸ் விலை கொடுத்தவர். இப்போது விளங்குகிறது. அம்மாவிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

காஸ்_டெக் அண்ணை, மாடல் எண் இரண்டு பத்திரத்தில் இருக்கிறது, லெனக்ஸில் இல்லை. கீப்ரைட் பத்திரத்தில் "நோ ஹாசில் ரீப்ளேஸ்மென்ட்" என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். அது என்ன? அமானாவில் வாழ்நாள் மாற்று வாரண்டி இருக்கிறது என்றும் ஒருவர் சொன்னார்.

காஸ்_டெக்

அது பாக வாரண்டிக்கு மேலே வருவது. கீப்ரைட் குடும்பத்தில், ஃபர்னஸின் ஹீட் எக்ஸ்சேஞ்சரோ ஏசியின் கம்ப்ரசரோ குறிப்பிட்ட காலத்துக்குள் போனால் அந்தப் பாகத்துக்குப் பதிலாக முழு யூனிட்டையே கொடுப்பார்கள். அந்தக் காலம் மாடலுக்கு மாடல் வேறு, சிலதற்கு ஒரு வருடம்தான், உயர் வரிசையில் 10 வருடம். அதனால் உங்கள் மாடலுக்கு எத்தனை வருடம் என்று பாருங்கள். அமானாவில் சில மாடல்களுக்கு மட்டும், முதல் உரிமையாளர் அந்த வீட்டில் இருக்கும் வரை இந்த முழு மாற்று வாரண்டி உண்டு. அதுவும் பதிந்தால்தான். கூலி இதிலும் இல்லை.

கூலிக்கு இரண்டு வழி. பொருத்துபவர் தானாகக் கொடுப்பது, ஒரு வருடமோ இரண்டு வருடமோ. அவர் கடையை மூடினால் அதுவும் மூடியது. மற்றது, தயாரிப்பாளரோ தனிக் காப்பீட்டு நிறுவனமோ பின்னால் நின்று 10 வருடத்துக்கு விற்கும் கூலி வாரண்டி. காசு கூட. ஆனால் உங்களைப் போல வாடகைக்குடியும் பெரியவர்களும் இருக்கும் வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பத்திரம் கடைக்காரர் பெயரில் அல்ல, அந்த நிறுவனத்தின் பெயரில் வர வேண்டும்.

வேறொரு விஷயம் என்னை உறுத்துகிறது. மூன்று பேருமே 80,000 பிடியூ என்கிறார்கள். யாராவது ஜன்னல் அளந்தார்களா? அறை பரப்பு கேட்டார்களா? பழைய ஃபர்னஸின் தகட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது 80 சதவீதத் திறன் என்றால் 80,000 எரித்து 64,000தான் வீட்டுக்குள் அனுப்பியது. புதியது 96 சதவீதம், அதே 80,000 எரித்தால் 76,800 வரும். நீங்கள் ஜன்னல்களை வேறு மாற்றியிருந்தால் தேவை இன்னும் குறைந்திருக்கும். 60,000 போட்டாலே 57,600 கிடைக்கும். எஃப்280 என்ற கனேடிய முறைப்படி வெப்ப இழப்புக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஏன் இதை வாரண்டி இழையில் சொல்கிறேன் என்றால், அளவுக்கு மிஞ்சிய ஃபர்னஸ் ஐந்து நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி ஓடும். குழாய்கள் சின்னதாக இருந்தால் காற்றுப் போதாமல் உள்ளே சூடு ஏறி லிமிட் சுவிட்ச் அடிக்கடி வெட்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விழத் தொடங்குவது பெரும்பாலும் அப்படித்தான். அப்போது வரும் ஆள் "பொருத்திய பிழை" என்று எழுதினால் எந்த பிராண்டும் கைவிரிக்கும். பொருத்துதல் பிழை, பராமரிப்பு இல்லாமை, லைசென்ஸ் இல்லாத ஆள் கைவைத்தது, இணையத்தில் பெட்டியாக வாங்கித் தாங்களே போட்டது எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

பிரம்டன்காரன்

புது வீட்டுக்காரன் ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. மேல் மாடி அறைக்குச் சூடு வருவதே இல்லை. ஃபர்னஸ் கம்பனியைக் கூப்பிட்டால் "யூனிட் சரி" என்கிறார்கள். யாரிடம் போவது?

மிசிசாகா_தஞ்சாவூரான்

ஒன்ராறியோவில் புது வீட்டு வாரண்டியைப் பார்க்கும் டேரியன் அமைப்பிடம். அந்த வாரண்டியில் இரண்டு வருடம் வரைக்கும் வெப்பத்தைக் கொண்டுசெல்லும் அமைப்பு, குழாய்கள் எல்லாம் அடங்கும். கட்டியவரிடம் வாயால் சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் டேரியன் படிவத்தில் எழுதிப் போடுங்கள். அறை வெப்பநிலையை தினமும் குறித்து வைத்தால் பேச்சு சுலபமாக இருக்கும்.

பிரம்டன்காரன்

மிக்க நன்றி. அப்புறம் மல்வேன்வாசிக்கு: ஏசியை மாற்றுவதென்றால் ஹீட் பம்ப் கேட்டீர்களா? ஏசி செய்வதை அது செய்யும், குளிர் குறைந்த நாட்களில் வீட்டைச் சூடாக்கவும் செய்யும். கடுங்குளிரில் கேஸ் ஃபர்னஸ் எடுத்துக்கொள்ளும்.

காஸ்_டெக்

நல்ல யோசனை. ஒரு விலை கேட்டுப் பாருங்கள். ஆனால் ஹீட் பம்ப் கோடை, மாரி இரண்டிலும் ஓடும், கம்ப்ரசருக்கு வேலை கூட. அதனால் கம்ப்ரசர் வாரண்டி எத்தனை வருடம் என்பது அங்கே இன்னும் முக்கியம். வெளி யூனிட்டும் உள்ளே வைக்கும் காயிலும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவை என்பதற்கு ஏஹெச்ஆர்ஐ என்ற தொழில்துறை அமைப்பின் சான்று எண் கேளுங்கள். இல்லாவிட்டால் சொன்ன திறனும் வராது, பிறகு வாரண்டிக்குப் போனாலும் வாக்குவாதம்.

ரெஃப்ரிஜரன்டையும் பாருங்கள். அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் ஆர்-410ஏ வைத்து வீட்டு ஏசி புதிதாகத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன் புவி சூடேற்றும் அளவு 2,088. இப்போது டைகின், குட்மேன் எல்லாம் ஆர்-32, அதன் அளவு 675. கேரியர், லெனக்ஸ், டிரேன் ஆர்-454பி பக்கம் போய்விட்டன, அது 466. யாராவது மிச்சமிருக்கும் பழைய ஆர்-410ஏ ஏசியை மலிவாகத் தந்தால், 10 வருடத்துக்குள் ஒழுகி அதே கேஸ் நிரப்ப வேண்டி வந்தால் என்ன விலை இருக்கும் என்று யோசியுங்கள். கேஸ் பாகம் அல்ல, வாரண்டியில் வராது.

ஏஜாக்ஸ்_அக்கா

நம் வீடுகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பேஸ்மென்டில் இரண்டாவது சமையலறை இருந்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பொரியல், தாளிப்பு, எண்ணெய் ஆவி எல்லாம் ஃபர்னஸ் பக்கம்தான் இழுபடும்.

காஸ்_டெக்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் திறந்து பார்த்த பல வீடுகளில் ஏசி காயில் மேல் எண்ணெயும் தூசியும் கெட்டியாகப் படிந்திருக்கும். சமையல் விசிறி வெளியே காற்றைத் தள்ள வேண்டும், உள்ளேயே சுற்றுவது பயனில்லை. ஃபர்னஸுக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் இடம் இருந்தால் பிளீச் போத்தல்களை அங்கே வைக்காதீர்கள். குளோரின் ஆவி ஹீட் எக்ஸ்சேஞ்சரை அரிக்கும். அப்படி அரிப்பு வந்தால் வாரண்டி இல்லை என்று பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. வருடம் ஒருமுறை சேர்விஸ் செய்து பில்லை வைத்திருங்கள்.

மல்வேன்வாசி

மூன்று பேரையும் திரும்ப அழைத்து வெப்ப இழப்புக் கணக்குக் கேட்டேன். லெனக்ஸ்காரர் "அது தேவையில்லை" என்றார். குட்மேன்காரர் வருகிறேன் என்று சொல்லி இன்னும் வரவில்லை. கீப்ரைட்காரர் வந்து ஜன்னல், சுவர், மேற்கூரைக் காப்பு எல்லாம் பார்த்து, கணக்கைக் காகிதத்தில் தந்தார். 60,000 போதும் என்கிறார், குறைவாகவும் கூடவும் எரியும் இரண்டு நிலை மாடல். விலையும் கொஞ்சம் இறங்கியது. அந்தக் காசில் 10 வருடக் கூலி வாரண்டி எடுக்கப் போகிறேன். பிராண்டைப் பார்த்துத் தொடங்கினேன், ஆளைப் பார்த்து முடிவெடுக்கிறேன்.

பிக்கரிங் ஐயா, லெனக்ஸ் நல்ல பொருள் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. வீடு அளக்க மனமில்லாதவரிடம் அதை வாங்கத்தான் மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று: பழைய ஃபர்னஸின் புகைக் குழாயும் தண்ணீர் ஹீட்டரின் குழாயும் ஒன்றாகச் சேர்ந்து கூரை வழியாகப் போகின்றன. புது ஃபர்னஸுக்கு வெள்ளைக் குழாய் பக்கச் சுவர் வழியாகப் போகுமாம். பழைய குழாயை அப்படியே விட்டுவிடலாமா?

பிக்கரிங்_பெரியவர்

சரியான காரணம், தம்பி. நல்லபடியாக நடக்கட்டும்.

காஸ்_டெக்

நல்ல வேளை கேட்டீர்கள், இதை எந்த வாரண்டிப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. அந்தப் பெரிய குழாய் இரண்டு யூனிட்டின் புகைக்கும் சேர்த்துப் போட்ட அளவு. ஃபர்னஸ் விலகியதும் தண்ணீர் ஹீட்டர் மட்டும் தனியாக நிற்கும். அதன் சூடு அந்த அகலமான குழாயை வெப்பமாக்கப் போதாமல் போகலாம். அப்போது புகை மேலே ஏறாமல் வீட்டுக்குள் திரும்பும், அல்லது உள்ளே ஈரம் படிந்து குழாய் அரிக்கும். ஹீட்டரின் பிடியூவும் குழாயின் உயரமும் பார்த்து, தேவையென்றால் அதற்குள்ளே லைனர் என்ற சின்னக் குழாய் போட வேண்டும், அல்லது விசிறியால் புகையை வெளியே தள்ளும் பவர் வென்ட் ஹீட்டருக்கு மாற வேண்டும். கீப்ரைட்காரரிடம் இதை விலைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். புது வெள்ளைக் குழாயில், புகைக் குழாய்க்கான கனேடியத் தர எண்ணான எஸ்636 என்று அச்சிட்டிருக்க வேண்டும், சாதாரண வடிகால் குழாய் கூடாது. பேஸ்மென்டிலும் மேலேயும் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், கீழே இருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து. குழாய் சேரும் இடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.